கூப்பிடும் பெயரும் கூப்பிடச் சொல்லும் பெயரும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில் அம்பாத்துரை, காந்திகிராமம், சின்னாளபட்டி என்று ஊர்கள் ஒட்டி ஒட்டி வருகின்றன. இந்தப் பக்கத்துச் சுவர்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளை நின்று படித்தால், இறந்தவரின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயர் இருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். பழனிச்சாமி என்று பெரிய எழுத்தில் போட்டால் மட்டும் ஊருக்கு ஆள் விளங்காது. ‘மிலிட்டரி’ என்றோ ‘டிராக்டர்’ என்றோ சேர்த்துப் போட்டால்தான் கேதம் கேட்க வருகிறவர்கள் சரியான வீட்டுக்கு வந்து சேருவார்கள்.

காரணம் எளிது. இங்கே பெயர்கள் குறைவு, ஆட்கள் அதிகம். பாட்டன் பெயரைப் பேரனுக்கும் பாட்டி பெயரைப் பேத்திக்கும் வைப்பது வழக்கம். பழனி பக்கத்தில் இருப்பதால் தெருவுக்கு நான்கு பழனிச்சாமிகளும் பழனியம்மாள்களும் இருப்பார்கள். தாடிக்கொம்பிலும் அழகர்கோயிலிலும் நிற்கும் பெருமாளால் சௌந்தரராஜன்களும் அழகர்சாமிகளும் வந்தார்கள். கிறிஸ்தவர்கள் வாழும் ஊர்களில் சவேரியார், அந்தோணி, ஆரோக்கியம். நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது ‘லெட்சுமி’ என்று கூப்பிட்டால் மூன்று பேர் ஒரே நேரத்தில் குரல் கொடுப்பார்கள். ‘டெய்லர் லெட்சுமி’, ‘தெக்குத் தெரு லெட்சுமி’ என்று பிரித்துக் கூப்பிடாமல் அன்றைய வேலை தொடங்காது. அரசாங்கத்தின் பதிவேட்டில் இருக்கும் பெயரால் ஒரு ஊரை நடத்த முடிவதில்லை. ஊரை நடத்துவது பட்டப்பெயர்தான்.

ஆனால் எல்லாப் பட்டப்பெயரும் ஒரே வகையல்ல. வெளிநாடு போய் வந்ததால் ‘சிங்கப்பூரார்’ ஆனவரின் பேரன் சிங்கப்பூரைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டான். அவனும் ‘சிங்கப்பூரார் வீட்டுப் பையன்’தான். அது அவனுக்குச் சொத்து. ‘நொண்டி’, ‘ஊமையன்’, ‘கருப்பி’ என்ற பெயர்கள் அப்படியல்ல. அவற்றைச் சுமப்பவர் ஒவ்வொரு முறை ‘என்ன?’ என்று திரும்பும்போதும் தன் உடம்பைப் பற்றிய ஒரு தீர்ப்புக்குத் தலையாட்டுகிறார். இன்னொரு வேறுபாட்டையும் கிராமத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். நிலம் வைத்திருப்பவருக்கும் பட்டப்பெயர் உண்டு. அது அவர் காதுபடப் பேசப்படுவதில்லை. அவரிடம் கூலிக்குப் போகிறவரின் பட்டப்பெயரோ வரப்பில் நின்று வயல் முழுக்கக் கேட்கும்படி கத்தப்படுகிறது. ஒரு ஊரில் யாருடைய பட்டப்பெயர் முகத்துக்கு நேராகவும் யாருடையது முதுகுக்குப் பின்னாலும் சொல்லப்படுகிறது என்று கணக்கெடுத்தால், அந்த ஊரின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையின் அக்கறை அதுவே. பட்டப்பெயர் நல்லதா கெட்டதா என்பதைவிட, தன்னை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது, யார் அதைப் போராடிப் பெற்றார்கள் என்பதுதான் கேள்வி.

ஆட்களுக்கு வழங்கும் இத்தகைய பெயர்களை வெகுகாலத்துக்கு முன்பே வகைப்படுத்திப் பார்த்தவர் தொல்காப்பியர். சொல்லதிகாரத்தின் பெயரியலில் உயர்திணைப் பெயர்களை அவர் நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர், உடைப்பெயர், பண்புகொள்பெயர் என்று அடுக்குகிறார். தெக்குத் தெரு லெட்சுமி நிலப்பெயர். டெய்லர் லெட்சுமி வினைப்பெயர். டிராக்டர் பழனிச்சாமி உடைப்பெயர். கருப்பி பண்புகொள்பெயர். இன்றைய திண்டுக்கல் கிராமத்துப் பெயர்கள் அந்தப் பட்டியலுக்குள் சிரமமில்லாமல் உட்கார்ந்துகொள்கின்றன. அதே பட்டியலில் ஆடியற்பெயர் என்றும் ஒன்று வருகிறது. சிறுவர்கள் கூடி விளையாடும்போது அந்த நேரத்துக்கென்று தாங்களே படைத்துக்கொள்ளும் பெயர் என்று உரைகாரர்கள் இதை விளக்குகிறார்கள். பட்டிபுத்திரர், கங்கைமாத்திரர் என்று எடுத்துக்காட்டும் தருகிறார்கள். பிறந்த குடியும் செய்யும் தொழிலும் உடம்பின் நிறமும் தரும் பெயர்களுக்கு நடுவே, ஆட்டத்தில் சேர்ந்தவர்கள் தாங்களாகத் தேர்ந்துகொண்ட பெயருக்கும் இலக்கணத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த உரிமை விளையாட்டு முடியும் வரைதான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களும் பட்டப்பெயர் வைத்தவர்களே. இயற்பெயர் தெரியாத புலவர்களுக்கு அவரவர் பாட்டில் வந்த அரிய தொடரையே பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார், மீனெறி தூண்டிலார் எல்லாரும் அப்படி வந்தவர்கள். சொந்தப் பெயர் போய்விட்டது, எழுதிய சொல் பெயராக நின்றுவிட்டது. எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பைச் சொல்லும் பெயர்களும் அந்தத் தொகைகளில் உண்டு: ஏணிச்சேரி முடமோசியார், ஐயூர் முடவனார், நரைமுடி நெட்டையார். இவர்கள் தங்கள் பெயரை விரும்பினார்களா என்று கேட்க வழியில்லை. ஆனால் மரியாதை விகுதி இல்லாமல் இவர்களில் ஒருவர்கூட நம்மிடம் வந்து சேரவில்லை.

அந்த விகுதியைப் பிற்காலத்துக் கிராமம் எல்லோருக்கும் கொடுக்கவில்லை. ஒரே குலதெய்வத்தின் பெயர் ஒரு தெருவில் முனியசாமி, கருப்பசாமி என்றும் சேரியில் முனியன், கருப்பன் என்றும் வழங்கியதைத் தமிழ்நாட்டில் வயதானவர்கள் பலரும் சொல்வார்கள். பெற்றவர்கள் ‘சாமி’ சேர்த்து வைத்தாலும் கூப்பிடுகிறவர்கள் அதை வெட்டிவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். அறுபது வயதுக்காரரைப் பத்து வயதுப் பையன் ‘டேய்’ போட்டு அழைப்பதும், அவர் அந்தப் பையனை ‘சின்னய்யா’ என்பதும் அதே ஏற்பாட்டின் பகுதி. ஆகவே பெயர் மாற்றம் தமிழ்நாட்டில் தனி ஒருவரின் ஆசையாக மட்டும் நின்றதில்லை. அது அரசியல் கோரிக்கையாக வளர்ந்தது.

வளர்ந்த விதமும் நேர்கோடாக இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ஒரு பத்திரிகை தொடங்கியபோது அதற்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து தானே சொல்லிக்கொண்டால் இழிவு கழன்றுவிடும் என்பது அவர் வழி. அயோத்திதாசப் பண்டிதருக்கு அதில் உடன்பாடில்லை. பிறர் சுமத்திய பெயரை ஏற்கவே கூடாது என்ற அவர், 1907-ல் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். 1922-ல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தையொட்டி, பறையர், பஞ்சமர் என்ற சொற்களை விட்டு ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்ற சொற்களை அரசு ஏற்றது. பெயரை உயர்த்துவதா, உதறுவதா, புதிதாகப் படைப்பதா என்று மூன்று வழிகள் முப்பது ஆண்டுகளுக்குள் முன்வைக்கப்பட்டுவிட்டன. இந்த விவாதத்தில் நான் எந்தத் தரப்பையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூன்றிலும் முடிவெடுத்தவர்கள் அந்தப் பெயரைச் சுமந்தவர்களே.

மறுபக்கத்தில், பெயருக்குப் பின்னால் பெருமையாக ஒட்டியிருந்த வாலை வெட்டுவதும் தொடங்கியது. 1927 இறுதியில் ‘குடிஅரசு’ ஆசிரியர் தம் பெயரிலிருந்து நாயக்கர் என்பதை எடுத்துவிட்டார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்: பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். சென்னை தியாகராய நகரில் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது அவர் நினைவாக வந்த பெயர். மக்கள் வாயில் அது பாண்டி பஜார் ஆகிவிட்டது. அந்த மாநாட்டின் பயனைத் தமிழர்கள் இன்றும் அன்றாடம் அனுபவிக்கிறார்கள். வட இந்தியாவில் ஒருவர் முழுப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் சாதி தெரிந்துவிடும் இடங்கள் பல. தமிழ்நாட்டில் ஒரு முதலெழுத்து, ஒரு பெயர், அவ்வளவுதான். அந்த முதலெழுத்துக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதும் சொல்கிறவர் விருப்பம். மதுரையின் பாடகர் டி.எம். சௌந்தரராஜனின் ‘டி’ தொகுளுவா என்ற சௌராஷ்டிரக் குடும்பப் பெயர் என்பது அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த பலருக்குத் தெரியாது. தொல். திருமாவளவன் ராமசாமி என்ற தம் தந்தையின் பெயரையே தொல்காப்பியன் என்று மாற்றிவைத்து அதிலிருந்து தம் முதலெழுத்தை எடுத்துக்கொண்டார். அப்பன் மகனுக்குப் பெயர் வைப்பதுதான் உலக வழக்கம். இங்கே மகன் வைத்தார்.

வால் போனதோடு சாதி போய்விட்டதா? போகவில்லை. விடுதி அறையில் முதல் நாள் சந்திக்கும் இரண்டு மாணவர்களில் ஒருவன் ‘எந்த ஊரு?’ என்கிறான், அடுத்து ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்கிறான். பெயர் சொல்லாததைத் தெரு சொல்லிவிடுகிறது. சாதிப் பெயர் கொண்ட தெருக்களின் பெயரை மாற்றும்படி 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஆணையிட வேண்டியிருந்தது அதனால்தான். கல்யாண பேனர்களிலும் காதணி விழாப் பத்திரிகைகளிலும் பாட்டன்கள் வெட்டிய வாலைப் பேரன்கள் எடுத்து ஒட்டிக்கொள்வதைத் திண்டுக்கல் வீதிகளிலேயே பார்க்கலாம். தன்னை எப்படி அழைப்பது என்பது தன் உரிமை என்று அவர்களும் சொல்லக்கூடும். அதை நான் ஏற்கவில்லை. அந்த வால் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட, எதிரில் நிற்பவர் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதற்காகவே ஒட்டப்படுகிறது.

காந்திகிராமத்தைக் கட்டிய அம்மையாரின் பெயரை இந்த இடத்தில் கூர்ந்து பார்க்க வேண்டும். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளம் வயதில் கணவர் சௌந்தரராஜனை இழந்தவர். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் 1936-ல் மருத்துவம் முடித்தவர். 1940-ல் சேவாகிராமத்தில் காந்தி முன்னிலையில் கேரளத்துக்காரரான ஜி. ராமச்சந்திரனை மணந்தார். சாதியும் மொழியும் வேறு, கைம்பெண்ணுக்கு மறுமணம் வேறு. பெற்ற வீடு இதை எளிதில் ஏற்கவில்லை. ஆனாலும் டி.எஸ். என்ற, தந்தைவழி வந்த முதலெழுத்துகளை அவர் கடைசிவரை விடவில்லை. நாடாளுமன்ற உறுப்பினராகவும் மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தபோது ஆவணங்களில் அவர் பெயர் டி.எஸ். சௌந்தரம் ராமச்சந்திரன். முன்னால் தந்தை, பின்னால் கணவர், நடுவில் அவர். தந்தையின் பெயரோடு ஒட்டியிருந்த அய்யங்கார் மட்டும் அவர் பெயருக்குள் வரவில்லை. ஒரே வரியில் எதை வைத்துக்கொள்வது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற மூன்று முடிவுகளும் தெரிகின்றன. 1947-ல் அவரும் கணவரும் தொடங்கிய காந்திகிராமத்தில் இந்த மூன்றும் தேவைப்படவில்லை. அங்கே அவர் ‘அம்மா’.

அதே மாவட்டத்தின் அய்யன்கோட்டையில், நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926-ல் பிறந்த கிருஷ்ணம்மாள், சௌந்தரம் அம்மாவின் ஆதரவில் படித்தவர். 1950-ல் சர்வோதய ஊழியர் ஜெகந்நாதனை மணந்தார். கீழத்தஞ்சையின் நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த அவரையும் அந்தப் பெண்கள் ‘அம்மா’ என்றே அழைத்தார்கள். பெரும் செல்வர் வீட்டு மகளும் கூலி வீட்டு மகளும் ஒரே அழைப்புப் பெயருக்கு வந்து சேர்ந்தது சிறிய செய்தியல்ல. கிராமத்தில் இந்த இரண்டு பெண்களுக்கும் ஊர் வைத்திருக்கக்கூடிய விளிகளை நினைத்துப் பார்த்தால் அதன் கனம் புரியும்.

காந்தியைச் சுற்றி இருந்தவர்களிடம் பெயர் மாற்றம் வழக்கமாகவே இருந்தது. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ், லண்டனிலும் அமெரிக்காவிலும் படித்துத் திரும்பியபின் குடும்பத்தின் பழைய பெயரை எடுத்துக்கொண்டு ஜே.சி. குமரப்பா ஆனார், பிற்காலத்தில் டி. கல்லுப்பட்டியில் குடிசை போட்டு வாழ்ந்தார். ஜோசப்பையும் செல்லதுரையையும் அவர் தூக்கி எறியவில்லை, முதலெழுத்துகளாக வைத்துக்கொண்டார். ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் மகள் மேடலின் ஸ்லேடு 1925-ல் ஆசிரமத்துக்கு வந்தபோது காந்தி அவருக்கு மீரா என்று பெயரிட்டார். அவர் அதை மனமுவந்து ஏற்றார். ஆனால் காந்தி அன்போடு வைத்த இன்னொரு பெயர் அப்படி ஏற்கப்படவில்லை. தீண்டப்படாதோர் என்ற சொல்லுக்குப் பதிலாக ‘ஹரிஜன்’ என்பதை அவர் பரப்பினார். 1933-ல் அந்தப் பெயரில் வார இதழ் தொடங்கினார். 1938-ல் பம்பாய் சட்டமன்றத்தில் ஒரு மசோதா அந்தச் சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவர முயன்றபோது அம்பேத்கரும் அவர் தோழர்களும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். தங்கள் பெயரைத் தாங்கள் முடிவுசெய்யக்கூடாதா என்பதுதான் அவர்கள் கேள்வி. காந்தியின் பெயரைத் தாங்கிய ஊரைப் பற்றி எழுதும்போது இதைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது. மீரா தனி ஒருவர். அவரிடம் கேட்க முடிந்தது, அவர் சரி என்றார். கோடிக்கணக்கான மக்களிடம் யாரும் கேட்கவில்லை. எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கேட்காமல் வைத்த பெயர் மேலிருந்து வந்த பெயராகவே இருந்தது. அமெரிக்காவில் மால்கம் லிட்டில் என்பவர், தம் முன்னோரை அடிமையாக வைத்திருந்தவர்கள் கொடுத்த குடும்பப் பெயர் வேண்டாம் என்று மால்கம் எக்ஸ் ஆனதும் இதே கேள்வியின் வேறொரு விடை.

இதே நியாயம் நம் காலத்திலேயே ஒரு சமூகத்துக்குப் பயன் தந்திருக்கிறது. ‘ஒன்பது’ என்றும் ‘அலி’ என்றும் பேருந்திலும் சந்தையிலும் குத்தப்பட்டவர்கள் திருநங்கை என்ற சொல்லைத் தங்களுக்குரியதாக நிலைநிறுத்தினார்கள். தமிழ்நாடு அரசு 2008-ல் அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2019-ன் மத்தியச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் பெற்றுப் பிறப்புச் சான்றிதழ் உட்பட எல்லா ஆவணங்களிலும் பெயரை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. பாலினத்தை வைத்துக் கேலிப் பெயர் சூட்டிய பள்ளிக்கூடத்தில்தான் அவர்களில் பலருடைய படிப்பு நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பட்டப்பெயர் பிறக்கும் பெரிய பட்டறை பள்ளிக்கூடம். ஜேன் மார்கன், கிறிஸ்டோபர் ஓநீல், ரோம் ஹாரே மூவரும் 1979-ல் வெளியிட்ட பட்டப்பெயர் ஆய்வு, பிள்ளைகள் பட்டப்பெயரைக் கொண்டு தங்கள் கூட்டத்தின் விதிகளைக் காக்கிறார்கள் என்று காட்டியது. யார் குண்டு, யார் அழுமூஞ்சி, யார் வேறு மாதிரி என்று முத்திரை குத்துவதன் மூலம் எது ‘சரி’ என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்தப்படுகிறது. நம் பள்ளிகளில் அந்த விதிகளில் சாதியும் ஒன்று. 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, ஆசிரியர் மாணவரைச் சாதியைச் சுட்டி நேராகவோ மறைமுகமாகவோ அழைக்கக் கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. கடைசிப் பரிந்துரை திண்டுக்கல்லுக்கு நேரடியாகப் பொருந்துவது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில்தான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இயங்கிவந்தன. குற்றப் பரம்பரைச் சட்டம் இருந்த காலத்தில் ஒரு சமூகத்தையே ‘சீர்திருத்த’ வேண்டியதாகக் கருதி வைத்த பெயர், சட்டம் போன பிறகும் பல தலைமுறைப் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழில் முத்திரையாக விழுந்துகொண்டிருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, ஒரு பட்டப்பெயர் அன்பா அவமதிப்பா என்று பார்க்க எனக்கு ஒரு சோதனை போதும். புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போது அவர் தானே அந்தப் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வாரா? சிங்கப்பூரார் சொல்வார். டெய்லர் லெட்சுமி கடைப் பலகையிலேயே எழுதிவைப்பார். ‘நொண்டி’ என்று அழைக்கப்படுகிறவர் சொல்ல மாட்டார். சொல்ல மாட்டார் என்றால், கூப்பிடுகிறவர் எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும், நாற்பது வருடப் பழக்கமாக இருந்தாலும், அந்தப் பெயரை விட்டுவிட வேண்டும்.

காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் சுற்றுவட்டக் கிராமங்களில் போய்த் தங்கி வேலை செய்யும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. தமிழுக்கும் கிராமியக் கலைகளுக்கும் அங்கே ஒரு புலமே உண்டு. அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த முறை கிராமத்துக்குப் போகும்போது ஊர்ப் பட்டப்பெயர்களைத் திரட்டுங்கள். யார் வைத்தது, எப்போது வைத்தது, எந்தச் சம்பவத்தால் வந்தது, எத்தனை தலைமுறையாக நிற்கிறது என்று எழுதுங்கள். அந்தக் கதை தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பட்டியலில் கூடுதலாக ஒரு கட்டம் போட்டு, அந்தப் பெயரைச் சுமப்பவரிடமே கேட்டு அதை நிரப்புங்கள்: “உங்களை நாங்க எப்படிக் கூப்பிடணும்னு நினைக்கிறீங்க?” அவர் சொல்லும் பெயரையே பட்டியலில் முதலில் எழுதுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் பெயரை ஆய்வுக்காகக்கூட அச்சில் ஏற்றாதீர்கள்.